ஐந்தாவது ஃபவுல்

இதைக் கூடைப்பந்தில் கார்டு ஆடுகிற பெண்களுக்காக எழுதுகிறேன். மற்ற இடங்களில் ஆடுகிறவர்களும் படிக்கலாம். ஆனால் பந்தைக் கொண்டுபோகிற ஆள் நாம்தான். ஐந்து பேரில் குள்ளமானவளும் பெரும்பாலும் நாம்தான். கூடை விழுந்தால் போட்டவளைத் தூக்கிக் கொண்டாடுவார்கள். விழாவிட்டால், "பந்தை அவகிட்ட யாரு குடுத்தது?" என்று நம் பக்கம் திரும்புவார்கள். தெரிந்துதான் இந்த வேலைக்கு வந்திருக்கிறீர்கள்.

உங்களில் சிலர் ரயில்வே, போலீஸ் மாதிரித் துறை அணிகளில் சேர்ந்துவிட்டீர்கள். ஒருத்தி வெளிநாட்டு கிளப் ஒன்றோடு பேசிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். பயிற்சி பற்றி நான் உங்களுக்குச் சொல்ல அதிகம் இல்லை. நான் வருஷக்கணக்கில் கற்றுக்கொண்டதையெல்லாம் நீங்கள் போனில் பார்த்து ஒரே கோடை விடுமுறையில் செய்துவிடுகிறீர்கள். மூச்சு வாங்குகிற நேரத்தில், சுற்றிலும் ஆள் கத்துகிற நேரத்தில், ஒரு முடிவை எடுப்பது பற்றி மட்டும் கொஞ்சம் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் ராஜபாளையத்துக்காரி. அப்பா நூற்பாலையில் ஃபிட்டர். அம்மா பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை பார்த்தார். எங்கள் ஊரில் கோடைப் போட்டி நடந்தால், ஷிப்ட் முடிந்தவர்கள் டிபன் தூக்கோடு நேரே கேலரிக்கு வந்துவிடுவார்கள். மாலையில் ஒரு தப்பான பாஸ் போட்டால் மறுநாள் காலையில் காய்கறிக் கடையில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எனக்கு ஆட்டம் புரிந்தது எங்கள் கோச்சினால் மட்டும் இல்லை. எதிரணியில் ஆடிய ஓர் அக்காவாலும்தான்.

அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் அணியின் கார்டு. கல்யாணமாகி வத்திராயிருப்புப் பக்கம் வ. புதுப்பட்டியில் இருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. மாலையில் ஆபீஸ் முடிந்து நேராக கிரவுண்டுக்கு வந்து, சேலையை மாற்றிக்கொண்டு ஆடிவிட்டு, பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போவார். நான் அப்போது கல்லூரியில் இருந்தேன். என்னை விட வேகமாக ஓடுகிற பெண் இந்த மாவட்டத்தில் இல்லை என்பது என் எண்ணம். அது உண்மையும்கூட.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூட கிரவுண்டில் எங்கள் இரண்டு அணிகளுக்கும் ஆட்டம். அக்காதான் எனக்குக் காவல் நின்றார். ஓடுவதில் நான் அவரைத் தாண்டிவிடுவேன், ஆனால் ஓடவே விடவில்லை. நான் வலது பக்கம் போகலாம் என்று உடம்பைச் சாய்க்கும்போதே அவர் கை அங்கே இருக்கும். இடது பக்கம் என்றால் அங்கே இருக்கும். பந்தை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டு, ஏதோ கடையில் கொடுத்துவைத்திருந்த சாமானை வாங்கிக்கொண்டு போகிறவர்போல் போய்விடுவார். ஆட்டம் முடியும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, இங்க வா. நீ எந்தப் பக்கம் போவன்னு எனக்கு எப்படித் தெரியுதுன்னு நெனைக்குற?"

"தெரியலக்கா."

"உங்க கோச்சுதான் எனக்குச் சொல்லுதாரு."

"அவரு வாயே திறக்கலியேக்கா."

"அவரு திறக்க வேண்டாம். நீ அவரைப் பாக்கியே, அது போதும். வலது பக்கம் போகணும்னா ஒருதரம் பெஞ்சைப் பாக்குற. அவரு தலைய ஆட்டுனா போற. பாக்கலேன்னா இடது பக்கம். அம்புட்டுதான்."

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. "பெரியவங்ககிட்டக் கேட்டுக்கிட்டுச் செஞ்சா நல்லதுதானக்கா?" என்றேன்.

அவர் சிரித்தார். "உங்க கோச்சு நிக்குற எடத்துல இருந்து பாத்தா அவருக்கு என் முதுகுதான் தெரியும். என் மூஞ்சி உனக்குத்தான் தெரியும். நான் களைச்சிருக்கனா, எந்தக் கால்ல பாரத்தை வச்சிருக்கேன், இதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? என் முதுகைப் பாத்துக்கிட்டு இருக்கவரு என்னத்தச் சொல்லிருவாரு?" பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "சரி, வாரேன். வத்ராப் பஸ்ஸு போயிட்டா பொறவு நான் இங்கதான் கிடக்கணும்."

அடுத்த வருஷம் எங்கள் ஊரில் மறுபடி அவரோடு ஆட்டம். முதல் பந்திலேயே நான் வேண்டுமென்றே பெஞ்சைப் பார்த்தேன். கோச் தலையை ஆட்டினார். அக்கா வலது பக்கம் கையை நீட்டினார். நான் இடது பக்கம் போய்க் கூடையைப் போட்டுவிட்டுத் திரும்பி ஓடி வந்தேன்.

"ஏட்டி, கள்ளி!" என்றார் அக்கா, முதுகில் ஒரு தட்டுத் தட்டி.

இதை நீங்கள் கோச் சொல்வதைக் கேட்கக் கூடாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் ஆடின காலம் முழுக்கக் கோச் சொன்னதைத்தான் பெரும்பாலும் செய்தேன். ஆனால் சில விஷயங்கள் நாம் நிற்கிற இடத்திலிருந்து மட்டுமே தெரியும். அப்படித் தெரிந்ததை என்ன செய்வது என்பதற்குப் பெஞ்சில் பதில் இருக்காது.

படிப்பு முடிந்து சென்னையில் ஒரு துறை அணியில் வேலை கிடைத்தது. காலையில் பயிற்சி, பிறகு ஆபீஸ், மாலையில் பயிற்சி. அந்த வருஷங்களைப் பற்றி விரிவாகச் சொல்லப் போவதில்லை. நிறைய ஜெயித்தோம். அதில் நான் புதிதாகக் கற்றுக்கொண்டது கொஞ்சம்தான். அங்கிருந்துதான் தாய்லாந்தின் வடக்கே ஒரு நகரத்து கிளப்புக்கு ஒரு சீசன் ஆடப் போனேன். துறையில் விடுப்புக் கொடுத்தார்கள்.

முதல் மாதம் மோசம். சென்னையில் என் அணிக்காரிகள் எங்கே ஓடுவார்கள் என்று கண்ணை மூடினாலும் தெரியும். இங்கே அந்தப் பழக்கத்தில் பந்தை எறிந்தால் அது கேலரியில் போய் விழுந்தது. ஒருமுறை ஒரு பாட்டியின் மடியிலேயே விழுந்தது. அவர் எழுந்து அதை எனக்கே திருப்பி எறிந்தார். கேலரி முழுக்கச் சிரிப்பு. கோச் என்னை உட்காரவைத்துவிட்டார்.

அந்த அணியில் சென்டராக ஆடியவள் கஜகஸ்தான்காரி. பெயர் ஆய்குல். ஆறடிக்கு மேல் உயரம். கூடைக்கு அடியில் நிற்பது அவள் வேலை. கிளப் கொடுத்திருந்த வீட்டில் நானும் அவளும் ஒரே அறை. அவளுக்கும் எனக்கும் ஆங்கிலம் ஒரே அளவுக்குத்தான் வரும், அதனால் நன்றாகப் புரிந்துகொண்டோம். அம்மா கொடுத்துவிட்டிருந்த பருப்புப் பொடியை அவள் கரண்டியால் அப்படியே அள்ளித் தின்பாள். ஊரில் அவளுக்கு ஒரு பெண் குழந்தை உண்டு, அவள் அம்மாவிடம் வளர்ந்தது. தினமும் போனில் பேசுவாள்.

கேலரிக்குள் பந்தை எறிந்த அன்று அறைக்கு வந்து, "நீ என்னைப் பார்க்காமல் எறிகிறாய்," என்றாள். "நான் உங்க ஊர்க்காரி இல்லை. என்னைப் பார்."

பயிற்சி முடிந்து எல்லாரும் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் இருப்போம். எனக்குக் காவல் நிற்கிற ஆளின் வழியில் அவள் வந்து தூண்போல நின்றுகொள்வாள், நான் அவள் தோளை உரசிக்கொண்டு தப்பி ஓடுவேன். இதை ஸ்கிரீன் என்பது உங்களுக்குத் தெரியும். அவள் வந்து நின்றதும் "கெல்!" என்று ஒரு சத்தம் போடுவாள். அவள் மொழியில் "வா" என்று அர்த்தமாம். சத்தம் கேட்டால் நான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன், அந்தப் பக்கம் ஓடிவிடுவேன்.

மற்றவர்களையும் இப்படித்தான் படித்தேன். மொழி தெரியாததால் முகத்தைப் பார்த்தேன். ஒருத்தி களைத்தால் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொள்வாள். இன்னொருத்தி பயந்தால் சிரிப்பாள். அந்தச் சீசனின் நடுவில் நான் முதல் ஐந்து பேரில் வந்துவிட்டேன். கடைசியில் நாங்கள் இறுதி ஆட்டத்துக்கும் வந்தோம்.

ஆய்குலுக்கு அந்த ஆட்டம் எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். துருக்கியில் ஒரு பெரிய கிளப்பிலிருந்து ஆள் வந்து கேலரியில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்க்கத்தான் வந்திருந்தார். அங்கே போனால் குழந்தையைக் கூடவே வைத்துக்கொள்ளலாம் என்று அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். காலையில் முடியைப் பின்னுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். நான்தான் பின்னிவிட்டேன்.

மூன்றாவது குவார்ட்டர் முடிகிற நேரத்தில் கூடைக்கு அடியில் மூன்று நான்கு பேர் ஒன்றாக விழுந்தார்கள். ஆய்குல் அடியில் இருந்தாள். தலை தரையில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. பெஞ்சுக்குக் கேட்டிருக்காது, கேலரி அப்படிக் கத்திக்கொண்டிருந்தது. அவள் உடனே எழுந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு நொண்டினாள். இடைவேளையில் எங்கள் ஃபிசியோ முட்டிக்கு மருந்து அடித்தார். "ஓகே?" என்று கோச் கேட்டார். கட்டைவிரலைக் காட்டினாள். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

கடைசிக் குவார்ட்டர் தொடங்கியது. நாங்கள் கொஞ்சம் முன்னால் இருந்தோம். அவள் எனக்கு ஸ்கிரீன் வைக்க வந்தாள், சத்தம் போடவில்லை. நான் அவள் மேலேயே போய் மோதினேன். களைப்பு என்று நினைத்தேன். அடுத்த தடவை அவள் ஸ்கிரீனை என் ஆளுக்கு வைக்காமல், யாருமே இல்லாத இடத்தில் போய் நின்றாள். எதிரணியில் ஒருத்திக்கு ஃப்ரீ த்ரோ கிடைத்து ஆட்டம் நின்றபோது, ஓடிப்போய்க் கோச்சிடம், "ஆய்குலை மாற்றுங்கள், சரியில்லை," என்றேன்.

"முட்டிதானே? அவளே ஓகே என்றாளே," என்றார் கோச். அவரைக் குறை சொல்ல முடியாது. அவளுக்கு மாற்றாக இருந்த பெண் ஏற்கெனவே ஐந்து ஃபவுலும் செய்து வெளியே போயிருந்தாள். எதிரணியின் உயரமான பெண்ணை மறிக்க வேறு ஆள் இல்லை. "போ, ஆடு," என்று கையைக் காட்டினார்.

திரும்ப வந்தேன். ஃப்ரீ த்ரோ விழுந்தது. அடுத்து நான் போட்ட பந்து கூடையில் விழாமல் எதிரணியின் கையில் போய்விட்டது. எல்லாரும் திரும்பி ஓடினோம். ஆய்குல் என் பக்கத்தில் ஓடிக்கொண்டே என்னிடம் ஏதோ சொன்னாள். நீளமாகச் சொன்னாள். முழுக்க அவள் மொழியில்.

அந்தச் சீசன் முழுக்க, "கெல்" என்ற ஒரு வார்த்தையைத் தவிர அவள் என்னிடம் தன் மொழியில் பேசியதே இல்லை.

"என்ன?" என்று கேட்டேன். மறுபடியும் அதேபோல் பேசினாள். பதிலுக்குக் காத்திருப்பவள் மாதிரி என்னையே பார்த்தாள். கண் என் மேல் நிற்கவில்லை, எனக்குப் பின்னால் எங்கேயோ இருந்தது.

இந்த இடத்தில்தான் உங்களை நிறுத்தப் பார்க்கிறேன். இதற்கு மேல் நடந்ததெல்லாம் பந்தைத் தரையில் இரண்டு மூன்று தடவை தட்டுகிற நேரத்துக்குள் நடந்தது.

எதிரணியின் கார்டு பந்தோடு என்னை நோக்கி வந்துகொண்டிருந்தாள். அவர்கள் அன்று முழுக்க ஒரே திட்டம்தான் ஆடினார்கள்: பந்தை உயரமான பெண்ணுக்குக் கொடுப்பது, அவள் முழங்கையும் தோளுமாக ஆய்குலை இடித்துக்கொண்டு மேலே போவது. அடுத்த சில நொடிகளில் அது மறுபடி நடக்கும். ஆய்குல் தலையில் இன்னொரு அடி வாங்குவாள். டைம் அவுட் கேட்கலாம் என்றால் அது கோச்சால் மட்டும்தான் முடியும். ஆட்டம் தானாக நிற்கும்வரை காத்திருக்கலாம், அது எப்போது என்று தெரியாது. நான் ஒரு ஃபவுல் செய்தால் ஆட்டம் உடனே நிற்கும், ஆனால் எனக்கு ஏற்கெனவே நான்கு ஃபவுல் இருந்தது. இன்னொன்று செய்தால் நான் வெளியே. என்னைத் தவிரப் பந்தைக் கொண்டுபோக அணியில் இருந்தவள் பள்ளிக்கூடம் முடித்து வந்த புதுப்பெண்.

எதிரணிக் கார்டு என் முன்னால் வந்ததும் இரண்டு கையாலும் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். வேறொன்றும் யோசிக்கவில்லை. விசில் அடித்தது.

நேரே நடுவரிடம் போனேன். "எங்கள் சென்டருக்குத் தலையில் அடி. அவளுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை. டாக்டரைக் கூப்பிடுங்கள்," என்றேன். நடுவர் ஒரு பெண். ஆய்குலிடம் போய் ஏதோ கேட்டார். ஆய்குல் அவரைப் பார்த்துச் சிரித்தாள், பதில் சொல்லவில்லை. மறுபடி கேட்டார். மறுபடி சிரித்தாள். டாக்டர் வந்து டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். ஆடக் கூடாது என்று தலையை ஆட்டிவிட்டு அவளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். நானும் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். கோச் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஒரே ஒரு கூடையில் தோற்றோம்.

இது கதையாக இருந்தால், மருத்துவமனையில் எடுத்த ஸ்கேனில் பெரிதாக ஏதோ வந்திருக்கும், எல்லாரும் என் கையைப் பிடித்து நன்றி சொல்லியிருப்பார்கள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. சில நாள் ஓய்வெடுக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். துருக்கி கிளப்பிலிருந்து வந்தவர் ஆட்டம் முடியும் முன்பே எழுந்து போய்விட்டிருந்தார்.

மறுநாள் கோச் என்னைக் கூப்பிட்டார். கத்தவில்லை. "நீ பார்த்தது சரியாகவே இருக்கலாம்," என்றார். "உன் இடத்தில் இருந்தால் நானும் அதையே செய்திருப்பேனோ என்னவோ. ஆனால் ஐந்தாவது ஃபவுலை வேண்டுமென்றே செய்கிற கார்டை வைத்துக்கொண்டு என்னால் அணி நடத்த முடியாது." அடுத்த சீசனுக்கு என்னைக் கேட்கப் போவதில்லை என்று புரிந்துகொண்டேன்.

ஆய்குல் மருத்துவமனையிலிருந்து அறைக்கு வந்தாள். நான் கஞ்சி வைத்திருந்தேன். தொடவில்லை.

"உனக்கு நான்கு ஃபவுல் இருந்தது," என்றாள்.

"ஆமாம்."

"அந்த ஆள் எதற்கு வந்திருந்தார் என்று உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டேன், ஆய்குல். நீ உன் மொழியில் பதில் சொன்னாய்."

"பொய். எனக்கு அப்படி எதுவும் ஞாபகமில்லை," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த வாரமே வேறு அறைக்குப் போனாள். நான் கிளம்பும்போது வழியனுப்ப வரவில்லை.

ஊருக்கு வந்தேன். ராஜபாளையத்தில் ஆட்டத்தைப் போனில் பார்க்காதவர்கள் யாருமில்லை போலிருந்தது. எங்கள் ஊர்க் கோடைப் போட்டியை முன்னின்று நடத்துகிற ஹார்டுவேர் கடைக்காரர், நான் வந்த அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஏம்மா, என் கடையிலயே எம்புட்டுப் பேரு கூடி நின்னு பாத்தோம் தெரியுமா? யாவாரத்தையே விட்டுட்டுப் பாத்தோம். நம்ம ஊருப் புள்ள வெளிநாட்டுக் கப்பை வாங்குதுன்னு பட்டாசுகூட எடுத்து வச்சாச்சு. நீ என்னடான்னா அவளப் போயிக் கட்டிப் புடிச்சிக்கிட்டு நிக்க!"

நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். "அதெல்லாம் சரி. ஆனா செத்த நேரம் பொறுத்திருக்கலாம்லா? எம்புட்டு நேரம் இருந்துச்சு, முடியப் போற ஆட்டம்," என்றார்.

அவர் போன பிறகு அப்பாவைப் பார்த்தேன். அப்பா எனக்குப் பந்து பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர், மில் அணியில் ஆடியவர். செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"என்னக் கேட்டா," என்றார், "நான்னா ஆட விட்டுருப்பேன். அவ பெரிய மனுஷி. அவளே ஓகேன்னு சொல்லிட்டா, பொறவு நீ யாரு?"

"அவளுக்குச் சொல்லத் தெரியலப்பா."

"அதை நீ எப்படி முடிவு பண்ணுவ?"

அம்மா அடுப்படியிலிருந்து வந்தார். "அவிய அம்மைக்குத் தெரியுமா இது? அந்தப் புள்ள அடிபட்டுக் கெடந்தது?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். அம்மா உள்ளே போய்விட்டார்.

அப்பா இன்றும் அதையேதான் சொல்வார். நாங்கள் அதைப் பற்றிப் பல தடவை சண்டை போட்டிருக்கிறோம். அவர் சொல்வதில் நியாயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. வளர்ந்த ஒரு பெண்ணின் வாழ்க்கையில் அவளுக்காக இன்னொருத்தி முடிவெடுப்பது லேசான விஷயம் இல்லை. அதனால்தான் உங்களுக்கு இதை எழுதுகிறேன். நான் சரியாகச் செய்தேன் என்று காட்ட ஸ்கேன் என்னிடம் இல்லை. ஆனால் ஸ்கேன் மறுநாள் வந்தது. அந்த நேரத்தில் என் கையில் இருந்தது, தரையில் மோதிய சத்தம், சத்தம் போடாமல் வந்த ஸ்கிரீன், புரியாத மொழியில் ஒரு கேள்வி, இவ்வளவுதான். இவற்றை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். பிறகு தெரிந்ததை வைத்து உங்களைத் திட்டுவார்கள், அல்லது புகழ்வார்கள். இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். ரொம்ப நாள் வைத்துக்கொள்ளாதீர்கள்.

போன மாதம் பயிற்சி முகாமில் ஒரு பெண் கேட்டாள், "அதே மாதிரி மறுபடியும் வந்தா என்ன பண்ணுவீங்க மேடம்?" என்று. முதல் ஸ்கிரீன் சத்தமில்லாமல் வந்தபோதே எதிரணியில் யாரையாவது கட்டிப் பிடித்திருப்பேன் என்று சொன்னேன். அவள் சிரித்தாள். நான் நிஜமாகத்தான் சொன்னேன்.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். சென்னைத் துறை அணியிலேயே தொடர்ந்து ஆடினேன், பின்னால் கேப்டனும் ஆனேன். ஆய்குலிடமிருந்து செய்தி இல்லை. நான் அனுப்பிய வாழ்த்துகளுக்கும் பதில் இல்லை. அவள் வேறொரு நாட்டில் நல்ல கிளப் ஒன்றில் சேர்ந்துவிட்டாள், குழந்தையும் கூட இருக்கிறது என்று பழைய அணிக்காரி ஒருத்தி சொல்லித் தெரிந்தது.

சில வருஷம் கழித்து நாட்டுக்காக ஆசிய அளவிலான ஒரு போட்டியில் ஆடினேன். ஓர் ஆட்டம் கஜகஸ்தானோடு. மைதானத்தில் உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருக்கும்போதே அவளைப் பார்த்துவிட்டேன். அவளும் பார்த்தாள். தலையைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டாவது குவார்ட்டரில் அவர்கள் கார்டை விரட்டிக்கொண்டு ஓடினேன். ஆய்குல் எனக்குப் பின்பக்கம் வந்து ஸ்கிரீன் நின்றது தெரியவில்லை. என் அணியில் யாரும் சத்தம் கொடுக்கவில்லை. முழு வேகத்தில் அவள் மேல் மோதினேன். சுவரில் மோதினது மாதிரி. மல்லாக்க விழுந்து பின்தலை தரையில் இடித்தது. விதிப்படி அவள் மேல் தப்பே இல்லை. அசையாமல்தான் நின்றாள். பந்து வெளியே போய் விசில் அடித்தது.

நான் எழுந்துவிட்டேன். எழுந்து ஆடுவதைத் தவிர வேறு நினைப்பே வரவில்லை. எங்கள் இன்னொரு கார்டுக்குக் கணுக்கால் பிசகியிருந்தது. நடுவரிடம் கையைக் காட்டி, ஒன்றுமில்லை, ஆடலாம் என்றேன்.

பந்தை உள்ளே எறிய வேண்டியவர்கள் அவர்கள். பந்து ஆய்குல் கையில் இருந்தது. அவள் எறியவில்லை. நடுவர் கேட்டார், கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் பந்தை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தாடையால் என்னைக் காட்டி, "டாக்டர்," என்றாள். அவர்கள் கோச் பெஞ்சிலிருந்து எழுந்து கத்தினார். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நடுவர் விசில் அடித்து எச்சரிக்கை கொடுத்தார்.

"ஆய்குல், நான் நல்லாத்தான் இருக்கேன்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"உன்னை நான் கேட்கவில்லை," என்றாள்.

எங்கள் ஃபிசியோ ஓடி வந்து என்னை உட்காரவைத்து, கண்ணைப் பார்த்து, கேள்விகள் கேட்டு, கழுத்தைத் திருப்பிப் பார்த்து, என்னைக் கையோடு வெளியே கூட்டிக்கொண்டு போன பிறகுதான் அவள் பந்தை விட்டாள். அன்று முழுக்க என்னை மறுபடி ஆட விடவில்லை. ஆட்டத்தில் தோற்றோம்.

முடிந்ததும் இரண்டு அணியும் வரிசையாகக் கை குலுக்கிக்கொண்டு நடந்தோம். ஆய்குல் என் முன்னால் வந்தாள். கை கொடுக்கவில்லை. குனிந்து, என் பின்தலையில் வீங்கியிருந்த இடத்தைத் தேடி, விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"வலிக்கிறதா?"

"வலிக்கிறது."

"நல்லது," என்று சொல்லிவிட்டு, எனக்கு அடுத்து நின்றவளுக்குக் கை கொடுக்கப் போய்விட்டாள்.